பணத்தை எங்கே போடலாம்? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வங்கி வரிசையிலும் அலுவலக உணவு இடைவேளையிலும் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் மாறாமல் வரும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். சட்டமும் வரியும் இந்தியாவுக்கு உரியவை. வட்டி விகிதங்கள் காலாண்டுக்குக் காலாண்டு மாறலாம் என்பதால், பணம் கட்டும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. சேமிப்பும் முதலீடும் ஒண்ணுதானே? ரெண்டும் பணம் சேர்க்கிறதுதானே?

செலவு போக ஒதுக்கி வைப்பது சேமிப்பு. ஒதுக்கிய பணத்தை வேறொருவரிடம் வேலைக்கு அனுப்புவது முதலீடு. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் 10,000 ரூபாய் பத்து ஆண்டு கழித்தும் அதே 10,000தான். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், அன்று அதைக் கொண்டு இன்றைய விலையில் சுமார் 5,600 ரூபாய்ச் சாமான்தான் வாங்க முடியும். திருடன் வராமலே பாதிக்கு அருகில் போய்விடுகிறது.

வேலைக்கு அனுப்பிய பணம் திரும்பாமலும் போகலாம். இந்தப் பக்கத்தின் மற்றக் கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

2. எஃப்.டி., பாண்டு, ஷேர், ஃபண்டு, தங்கம், மனைன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மொத்தம் எத்தனை வகைதான் இருக்கு?

பெயர்கள் நூறு இருந்தாலும் அடிப்படை இரண்டுதான். ஒன்று, கடன் கொடுப்பது. வங்கியின் நிரந்தர வைப்பு (எஃப்.டி.), அஞ்சலகத் திட்டங்கள், பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதி, கடன்பத்திரம் (பாண்டு) எல்லாம் இதில் அடங்கும். நீங்கள் கடன் கொடுத்தவர். வாங்கியவர் ஒப்புக்கொண்ட வட்டியைத் தருவார். அவர் எவ்வளவு சம்பாதித்தாலும் உங்களுக்கு அதற்கு மேல் கிடையாது. இரண்டாவது, பங்காளி ஆவது. நிறுவனப் பங்கு, பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டு, வாடகைக்கு விடும் கட்டடம் ஆகியவை இதில் வரும். தொழில் வளர்ந்தால் உங்கள் பங்கும் வளரும். படுத்தால் கூடவே படுக்கும்.

தங்கம் இரண்டிலும் சேராது. வட்டியும் தராது, லாபப் பங்கும் தராது. அடுத்து வாங்குபவர் கூடுதல் விலை கொடுத்தால்தான் உங்களுக்கு ஆதாயம். காலி மனையும் பெரும்பாலும் இப்படித்தான். யாராவது ஒரு புதுத் திட்டத்தோடு வந்தால், "இதில் நான் கடன் கொடுக்கிறேனா, பங்காளி ஆகிறேனா?" என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அந்தத் திட்டத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

3. பேங்க்ல போட்ட பணம் நூறு சதவீதம் பாதுகாப்புதானே?

ஐந்து லட்சம் வரை. ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம், ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தருகிறது. 2020 பிப்ரவரி 4 வரை இது 1 லட்சமாகத்தான் இருந்தது. இந்த 5 லட்சத்தில் அசலும் சேரும், அதுவரை சேர்ந்த வட்டியும் சேரும். சேமிப்புக் கணக்கு, எஃப்.டி., மாதாமாதம் கட்டும் ஆர்.டி. எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஒரே வங்கியின் மயிலாப்பூர் கிளையில் 4 லட்சம், தாம்பரம் கிளையில் 4 லட்சம் என்று பிரித்துப் போட்டால் பயனில்லை. வங்கியே வேறாக இருக்க வேண்டும்.

கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும், வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் வாங்கும் வைப்புகளுக்கும் இல்லை. பெயர்ப் பலகையில் "நிதி" என்று போட்டிருந்தால் அது வங்கி என்று பொருள் இல்லை.

4. எஃப்.டி.யைப் பாதியில உடைச்சா என்ன போகும்?

அசல் போகாது, வட்டி குறையும். ஐந்து ஆண்டுக்கு 7 சதவீதம் என்று போட்டு, ஓராண்டில் எடுத்தால் 7 சதவீதம் தரமாட்டார்கள். நீங்கள் போட்ட அன்று ஓராண்டு வைப்புக்கு என்ன வட்டி இருந்ததோ (6.5 என்று வைப்போம்), அதிலிருந்து அரை முதல் ஒரு சதவீதம் அபராதம் கழித்துத் தருவார்கள். வரிச்சலுகைக்காகப் போடும் ஐந்தாண்டு எஃப்.டி.யை உடைக்கவே முடியாது.

அதனால் 5 லட்சத்தை ஒரே ரசீதாகப் போடாமல், ஒரு லட்சம் வீதம் ஐந்து ரசீதுகளாக, ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை வெவ்வேறு முதிர்வில் போடுங்கள். அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும். ஆண்டுதோறும் ஒன்று முதிரும்போது அன்றைய வட்டிக்கு மறுபடி போடலாம்.

5. போஸ்ட் ஆபீஸ்ல பத்துத் திட்டம் இருக்கு. எது யாருக்கு?

இவற்றுக்கு அரசே பொறுப்பு என்பதால், மூன்றாம் பதிலில் சொன்ன 5 லட்சம் உச்சவரம்பு இங்கே இல்லை. மாதாமாதம் கைக்குப் பணம் வேண்டும் என்பவருக்கு மாத வருமானத் திட்டம்: தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை போடலாம். 7.4 சதவீதத்தில் 9 லட்சத்துக்கு மாதம் 5,550 ரூபாய் வரும்.

அறுபது வயது தாண்டியவருக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். உச்சவரம்பு 30 லட்சம், காலம் 5 ஆண்டு, வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம். குழந்தைக்கு 10 வயது ஆவதற்குள் தொடங்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் 1.5 லட்சம், 15 ஆண்டு கட்டினால் கணக்குத் தொடங்கி 21 ஆண்டில் முதிரும். இங்கே பலர் தடுமாறுகிறார்கள்: 21 என்பது குழந்தையின் வயது அல்ல, கணக்கின் வயது. எட்டு வயதில் தொடங்கினால் முதிர்வின்போது மகளுக்கு 29. இந்த இரண்டு திட்டங்களுக்கும் 8.2 சதவீதம்: மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு 2023 ஏப்ரலிலிருந்து, செல்வமகள் திட்டத்துக்கு 2024 ஜனவரியிலிருந்து.

தேசிய சேமிப்புப் பத்திரம் ஐந்தாண்டு, வட்டி முதிர்வில் மொத்தமாக. கிசான் விகாஸ் பத்திரம் 7.5 சதவீதத்தில் 115 மாதத்தில் இரட்டிப்பாகும். பெயரில் கிசான் இருந்தாலும் விவசாயியாக இருக்கத் தேவையில்லை.

6. பி.பி.எஃப்.ல அஞ்சாம் தேதிக்குள்ள போடணும்னு ஏன் சொல்றாங்க?

மாதத்தின் 5-ஆம் தேதி முடிவிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் இருந்த குறைந்தபட்சத் தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. ஆண்டுக்கான 1.5 லட்சத்தை ஏப்ரல் 5-க்குள் கட்டினால் அந்த மாத வட்டியும் உண்டு. 6-ஆம் தேதி கட்டினால் 7.1 சதவீதக் கணக்கில் சுமார் 887 ரூபாய் போச்சு. காசோலை கொடுப்பவர்கள், பணம் கணக்கில் ஏறும் நாளைப் பார்க்க வேண்டும்.

15 ஆண்டு பூட்டு என்று பயப்படுகிறார்கள். மூன்றாவது நிதியாண்டு முதல் ஆறாவது வரை கடன் வாங்கலாம், ஏழாவதிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். முதிர்ந்த பின் ஐந்து ஐந்து ஆண்டாக நீட்டிக்கலாம். வட்டிக்கு வரி கிடையாது. இன்னொன்றும் உண்டு: கடன்காரர் வழக்குப் போட்டாலும் நீதிமன்றம் பி.பி.எஃப். பணத்தை ஜப்தி செய்ய முடியாது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு வட்டியைவிட இது பெரிய காரணம்.

7. ஒரு கம்பெனி பாண்டுக்கு 11% தர்றாங்களாம். எஃப்.டி.யைவிட ரொம்ப ஜாஸ்தி. வாங்கலாமா?

பாண்டு என்கிற கடன்பத்திரம், நீங்கள் அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கும் கடனுக்கான சீட்டு. நல்ல நிறுவனத்துக்கு வங்கியே 8, 9 சதவீதத்துக்குக் கடன் தரும்போது, இவர் ஏன் உங்களிடம் 11 சதவீதத்துக்குக் கேட்கிறார்? அந்தக் கூடுதல் இரண்டு மூன்று சதவீதம், பணம் வராமல் போகலாம் என்பதற்கான கூலி. தர மதிப்பீட்டைப் பாருங்கள்: மூன்று ஏ (AAA) என்பது உச்சம், மூன்று பி-க்குக் (BBB) கீழே முதலீட்டுத் தரமே இல்லை. மதிப்பீடு நாளை இறங்கவும் செய்யும்.

"நிரந்தரக் கடன்பத்திரம்" என்று வங்கிகள் வெளியிடுவதில் இன்னும் கவனம் வேண்டும். அவற்றுக்கு முதிர்வுத் தேதியே கிடையாது. வங்கி நொடித்தால் முதலில் அடிபடுபவற்றில் இவையும் உண்டு. 2020 மார்ச்சில் யெஸ் வங்கியை மீட்டபோது 8,415 கோடி ரூபாய்க்கான இத்தகைய பத்திரங்கள் பூஜ்ஜியமாக்கப்பட்டன. அதே வங்கியில் எஃப்.டி. வைத்திருந்தவர்களுக்கு அசல் போகவில்லை. பத்திரக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்ய, விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்றது.

இன்னொரு நுணுக்கம், வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். 1,000 ரூபாய் முகமதிப்பு, 7 சதவீத வட்டி, இன்னும் பத்தாண்டு பாக்கி உள்ள பத்திரம் உங்களிடம் இருக்கிறது. சந்தையில் புதுப் பத்திரம் 8 சதவீதம் தரத் தொடங்கினால் உங்களுடையதைச் சுமார் 933 ரூபாய்க்குத்தான் கேட்பார்கள். முதிர்வு வரை வைத்திருந்தால் முழு 1,000 வரும். அரசுப் பத்திரமே வேண்டும் என்பவர்கள், 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ரீட்டெயில் டைரக்ட் தளத்தில் கட்டணமின்றிக் கணக்குத் தொடங்கி, 10,000 ரூபாயிலிருந்து நேரடியாக வாங்கலாம்.

8. ஷேர் மார்க்கெட் சூதாட்டம்தானே?

நீங்கள் எப்படி விளையாடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பங்கு என்பது நடக்கும் ஒரு தொழிலில் உங்கள் பாகம். அதன் லாபம் பத்து ஆண்டில் மூன்று மடங்கானால் பங்கு விலையும் முன்பின்னாக அங்கே போய்ச் சேரும். ஆனால் போகும் பாதை கரடுமுரடு. பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்டு, 2009 மார்ச்சில் 8,160-க்கு விழுந்தது. பத்து லட்சம் வைத்திருந்தவர் நான்கு லட்சத்தைப் பார்த்தார். மறுபடி 21,000 வர 2010 நவம்பர் ஆனது. இடையில் மகள் கல்யாணம் வந்து விற்றவருக்கு அந்த இழப்பு நிரந்தரம். காத்திருக்க முடிந்தவருக்கு அது தூக்கம் கெட்ட கிட்டத்தட்ட மூன்று ஆண்டு. ஏழு ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்கில் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் கதை வேறு. அங்கே நீங்கள் எந்தத் தொழிலுக்கும் பங்காளி ஆவதில்லை. குறிப்பிட்ட நாளுக்குள் விலை எங்கே போகும் என்று பந்தயம் கட்டுகிறீர்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வுப்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். இதைச் சூதாட்டம் என்று சொன்னால் மறுப்பதற்கில்லை.

9. மியூச்சுவல் ஃபண்டுன்னா ஷேர்தானா, வேறயா? என்.ஏ.வி. பத்து ரூபாய் இருக்கிறதை வாங்கினா லாபமா?

ஃபண்டு ஒரு கூடை. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பங்கு இருந்தால் எட்டாம் பதில் பொருந்தும், கடன்பத்திரம் இருந்தால் ஏழாம் பதில் பொருந்தும். பங்குக் கூடைகளில், சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள் லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், அதற்குக் கீழே ஸ்மால் கேப். கீழே போகப்போக ஆட்டம் அதிகம். நிஃப்டி என்ற சந்தைக் குறியீட்டின் 50 நிறுவனங்களையும் அதே விகிதத்தில் வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் மேலாளரின் திறமையை நம்ப வேண்டியதில்லை, கட்டணமும் குறைவு. புதிதாக வருபவர் இதிலிருந்து தொடங்கினால் தப்பு செய்ய இடம் குறைவு.

என்.ஏ.வி. என்பது கூடையின் மதிப்பை யூனிட்டுகளின் (கூடையின் சம பாகங்களின்) எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண். 10 ரூபாய் என்.ஏ.வி. மலிவும் இல்லை, 500 ரூபாய் விலை அதிகமும் இல்லை. 10,000 ரூபாய்க்கு முதலாவதில் 1,000 யூனிட், இரண்டாவதில் 20 யூனிட். கூடை 10 சதவீதம் ஏறினால் இரண்டும் 11,000தான். "புது ஃபண்டு, பத்து ரூபாய்க்கே கிடைக்குது" என்று யாராவது விற்றால் அவருக்கு இது தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

10. எஸ்.ஐ.பி. போட்டா நஷ்டமே வராதாமே?

வரும். எஸ்.ஐ.பி. தனி முதலீடு அல்ல. ஒரு ஃபண்டில் மாதாமாதம் பணம் கட்டும் முறை, அவ்வளவே. விலை இறங்கிய மாதத்தில் அதே பணத்துக்கு அதிக யூனிட் கிடைப்பதால் சராசரி விலை தணியும். ஆனால் நீங்கள் எடுக்கும் நேரத்தில் சந்தை விழுந்து கிடந்தால் சேர்ந்த மொத்தமும் விழுந்துதான் இருக்கும்.

இதன் பலன் எல்லாம் இறக்கத்தில் நிறுத்தாமல் கட்டுவதில் இருக்கிறது. நடைமுறையில் நடப்பது நேர்மாறு: சந்தை ஏறும்போது தொடங்கி, சிவப்பைப் பார்த்ததும் நிறுத்துகிறார்கள். தேவைப்படும் தேதிக்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எஃப்.டி.க்கு மாற்றிக்கொண்டு வருவது நல்லது.

11. டைரக்ட் பிளான், ரெகுலர் பிளான்னு ஒரே ஃபண்டு ரெண்டு பேர்ல இருக்கே?

ரெகுலரில் முகவருக்கு ஆண்டுதோறும் உங்கள் பணத்திலிருந்து கமிஷன் போகும். 2013 ஜனவரியில் வந்த டைரக்டில் அது இல்லை. வித்தியாசம் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 வீதம் 20 ஆண்டு கட்டுகிறீர்கள். போட்டது 12 லட்சம். 12 சதவீத வளர்ச்சி என்று அனுமானித்தால் சுமார் 49.9 லட்சம், 11 சதவீதமானால் 43.7 லட்சம். அந்த ஒரு சதவீதம் ஆறு லட்சத்துக்கு மேல்.

முகவர் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. 2020 மார்ச்சில் சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தபோது, "இப்ப விக்காதீங்க" என்று சொல்லித் தடுத்த முகவர் தன் கமிஷனைச் சம்பாதித்தவர்தான். வாட்ஸ்அப்பில் தீபாவளி வாழ்த்து மட்டும் அனுப்புபவருக்கு ஆறு லட்சம் தர வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

12. கடன் ஃபண்டு எஃப்.டி. மாதிரியேதானே? பேங்க்ல அப்படித்தான் சொன்னாங்க.

இல்லை. வட்டி உறுதி கிடையாது, மூன்றாம் பதிலில் உள்ள காப்பீடும் கிடையாது. 2020 ஏப்ரலில் பிராங்க்ளின் டெம்பிள்டன் தன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே இரவில் மூடியது. உள்ளே இருந்த தரம் குறைந்த பத்திரங்களை அந்த நேரத்தில் வாங்க ஆள் இல்லை. பணம் பிற்பாடு தவணை தவணையாகத் திரும்பியது. ஆனால் அடுத்த மாதக் கட்டணத்துக்கு என்று வைத்திருந்தவர் திண்டாடினார். சில நாள், சில மாதத்துக்குப் பணம் நிறுத்த, மிகக் குறுகிய காலப் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டு சரி. "கிரெடிட் ரிஸ்க்" (கடன் திரும்பாத அபாயம்) என்று பெயரிலேயே எழுதியிருப்பதை எஃப்.டி.க்கு மாற்றாக எடுக்காதீர்கள்.

வரியிலும் பழைய சலுகை போய்விட்டது. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்டு லாபம், எஃப்.டி. வட்டியைப் போலவே உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரியாகும்.

13. நகை வாங்கினா முதலீடும் ஆச்சு, போட்டுக்கிட்ட மாதிரியும் ஆச்சு. இதுல என்ன தப்பு?

தப்பு இல்லை. போட்டுக்கொள்வதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால் போதும். கணக்கு எளிதாக வர கிராம் 10,000 ரூபாய் என்று வைப்போம். ஒரு பவுன், 8 கிராம், 80,000. செய்கூலி சேதாரம் 12 சதவீதம் என்றால் 9,600. மொத்தத்துக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 2,688. ஆக 92,288 ரூபாய். மறுநாள் விற்கப் போனால் தங்கத்துக்கு மட்டும்தான் விலை, அதிலும் கழிவு போடுவார்கள். தங்கம் 15 சதவீதத்துக்கு மேல் ஏறிய பிறகுதான் போட்ட பணமே திரும்பும். கல் வைத்த நகையில் கல்லுக்குத் தங்க விலை கொடுத்துவிட்டு, விற்கும்போது அதை எடுத்துவிட்டு எடை போடுவதைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கும். வாங்கும்போது ஹால்மார்க்கோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் (அந்த நகைக்கே உரிய அடையாள எண்) பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

முதலீடு மட்டும் நோக்கமானால் தங்க ஈ.டி.எஃப். (சந்தையில் பங்கு போல வாங்கி விற்கும் தங்க ஃபண்டு) அல்லது சாதாரணத் தங்க ஃபண்டு. சேதாரம் இல்லை, லாக்கர் இல்லை. தங்கப் பத்திரங்களை அரசு 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடவில்லை. பழையவை பங்குச் சந்தையில் கைமாறுகின்றன. செயலிகளில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் "டிஜிட்டல் தங்கம்" தங்கள் கட்டுப்பாட்டில் வராது என்று செபி 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது.

14. நகைக்கடைச் சீட்டுல 11 மாசம் கட்டினா சேதாரம் இல்லையாமே. அது முதலீடா?

அது பொருளுக்கு முன்பணம். ஒரு நிறுவனம் வாங்கும் முன்பணம் 365 நாளுக்குள் பொருளாக மாறாவிட்டால், அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்கிறது நிறுவனச் சட்ட விதி. அதனால்தான் எல்லாக் கடையும் 11 மாதத்தில் முடிக்கிறது. கடை மூடினால் காப்பீடு எதுவும் இல்லை. நகை எடுப்பது உறுதி என்றால் சேர்வதில் லாபம் உண்டு; சேதாரத் தள்ளுபடிக்கு உச்சவரம்பு எத்தனை சதவீதம், கட்டும் பணம் மாதாமாதம் கிராமாக ஏறுகிறதா ரூபாயாகவே நிற்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

15. ஏலச் சீட்டு நல்லதா கெட்டதா?

இதில் ஒரே வண்டியில் கடன் வாங்குபவரும் கடன் கொடுப்பவரும் போகிறார்கள். 20 பேர், மாதம் 5,000, ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு. மாதம் சேரும் பணத்தை, ஏலத்தில் அதிகம் தள்ளுபவர் (விட்டுக்கொடுப்பவர்) எடுப்பார். நடத்துபவருக்கு மாதம் 5,000 கமிஷன். இரண்டாம் மாதம் ஒருவர் 30,000 தள்ளி எடுத்தால் கைக்கு 70,000 வரும். தள்ளிய 30,000-இல் கமிஷன் போக 25,000-ஐ இருபது பேருக்கும் பகிர்ந்தால் தலைக்கு 1,250 கழிவு.

இருபது மாதத்திலும் சேர்த்து ஒருவருக்குக் கழிவு 12,000 கிடைத்தது என்று வைப்போம். எல்லோரும் கட்டுவது 88,000. கடைசி ஆள் 95,000 வாங்குகிறார். பணம் சராசரியாக ஒன்பது பத்து மாதம்தான் உள்ளே இருந்தது என்பதால் இது ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம். இரண்டாம் மாதம் எடுத்தவர் கட்டும் வட்டி கிட்டத்தட்ட நூற்றுக்கு மாதம் மூன்று. ஆக, கடைசி ஆளின் லாபம், முதலில் எடுத்தவர்கள் ஓடாமல் கட்டுவதில் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டில், நடத்துபவர் முன்கூட்டியே பிணை வைக்க வேண்டும். கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தகராறு வந்தால் சீட்டுப் பதிவாளரிடம் போகலாம். தெருவில் அக்கா நடத்தும் சீட்டில் அக்காதான் பிணை.

16. பாலிசியும் முதலீடுதானே? பத்து லட்சம் கட்டினா பதினெட்டு லட்சம் வருது.

ஆண்டுக்கு 50,000 வீதம் 20 ஆண்டு கட்டி, முடிவில் 18 லட்சம் கிடைத்தால் அது ஆண்டுக்குச் சுமார் 5.3 சதவீதம். இதே பணத்தை பி.பி.எஃப்.இல் 7.1 சதவீதத்தில் வைத்திருந்தால் 22 லட்சத்தைத் தாண்டியிருக்கும். மூத்த பிள்ளை பிறந்தபோது கட்டத் தொடங்கி பிள்ளை கல்லூரி போகும்போது வரும் பணம் என்பதால் "எண்பது சதவீத லாபம்" போலத் தெரிகிறது. எத்தனை ஆண்டு என்ற கேள்வியை விட்டுவிட்டுச் சொல்லும் எந்த லாபக் கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும்.

காப்பீடு வேண்டுமானால் டெர்ம் பாலிசி எடுங்கள். குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகை, உயிரோடு இருந்தால் எதுவும் திரும்பாது. ஏற்கெனவே சேமிப்பு பாலிசி எடுத்துவிட்டீர்களா? பத்திரம் கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் சில்லறைப் பிடித்தம் போகத் திருப்பிக் கொடுக்கலாம். பல ஆண்டு கட்டியாகிவிட்டதென்றால் அவசரப்பட்டுச் சரண்டர் செய்யாமல் (பாதியில் ஒப்படைத்துப் பணம் வாங்காமல்), இனி கட்டாமல் நிறுத்தினால் முதிர்வில் என்ன வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

17. மனை வாங்கிப் போட்டா என்னைக்கும் ஏறத்தானே செய்யும்?

10 லட்சத்துக்கு வாங்கியது 15 ஆண்டில் 25 லட்சம் ஆனால் ஊரே பேசும். அது ஆண்டுக்கு 6.3 சதவீதம். அதிலும் வாங்கும்போதே தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் போயிருக்கும். தரகு தனி. மனையின் உண்மையான தொல்லை, அவசரத்துக்கு அதில் பாதி அடி விற்க முடியாது என்பதே. ஆள் கிடைக்க ஆறு மாதம் ஆகலாம்.

வாங்கினால் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சி, விற்பவர் பெயரில் பட்டா, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. ஒப்புதல் எண் ஆகியவற்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்று பதிவானதை மட்டும்தான் காட்டும். பதிவாகாத உயிலும், பாகம் கேட்கக் காத்திருக்கும் அத்தையும் அதில் வரமாட்டார்கள்.

18. தெரிஞ்சவர்தான், மாசம் மூணு வட்டி தர்றார், ஆறு மாசமா ஒழுங்கா வருது. இன்னும் கொஞ்சம் போடலாமா?

மாதம் மூன்று என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். அதைக் கொடுத்துவிட்டு அவருக்கும் மிஞ்ச வேண்டுமானால் தொழிலில் அதைவிடக் கூடுதலாக வர வேண்டும். அப்படி ஒரு தொழில் இருந்தால் வங்கியில் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கடன் வாங்கித் தானே வைத்துக்கொள்வார். ஆறு மாதம் ஒழுங்காக வந்தது உங்கள் பணத்திலிருந்தே 18 சதவீதம் திரும்பியதாகவும் இருக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர் பணமாகவும் இருக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. நிதி நிறுவனங்கள் வரிசையாக மூடிய பிறகு 1997-இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டமே வந்தது. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பு மோசடி. பெயர்தான் மாறுகிறது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். "கேஸ் போட்டா பணமே வராது" என்று தடுப்பது பெரும்பாலும் உங்களைச் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கியவர்தான்.

19. வரி போக எதுல அதிகம் நிக்கும்?

எஃப்.டி. 7 சதவீதம் என்றால், 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு நிற்பது 4.9, அதிலும் செஸ் என்ற கூடுதல் வரி போகும். வரியே இல்லாதவருக்கு முழு 7. பங்கு, பங்கு ஃபண்டுகளில் ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, மேலே 12.5 சதவீதம். ஓராண்டுக்குள் என்றால் 20. இந்த விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல்.

புது வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதை நம்பி ஓராண்டுக்குள் பங்கை விற்று மாட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தள்ளுபடி இத்தகைய மூலதன ஆதாயத்துக்குப் பொருந்தாது. அதேபோல, 1.5 லட்சம் வரையிலான முதலீட்டுக் கழிவு பழைய முறையில் மட்டும்தான். புது முறையில் இருந்துகொண்டு மார்ச் மாதம் அவசரமாக "வரி மிச்சம்" பாலிசி வாங்குவது வீண். எஃப்.டி. வட்டி ஓராண்டில் 50,000-ஐ, மூத்தவருக்கு 1 லட்சத்தைத் தாண்டினால் வங்கி வரியைப் பிடித்துக்கொள்ளும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் ஏப்ரலிலேயே உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிட வேண்டும்.

20. முப்பதாயிரம் சம்பளம். எதுல ஆரம்பிக்கிறது?

முதலில் நகைக்கடன் தவிர்த்த மற்ற வட்டிக் கடன்களை, முக்கியமாக கிரெடிட் கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள். 36 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டு 12 சதவீதத்துக்கு ஃபண்டு போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் பிடிப்பது. மாதச் செலவு 22,000 என்றால் ஆறு மாதத்துக்கு 1.32 லட்சம், எளிதில் உடைக்கக் கூடிய எஃப்.டி.யில். உங்களை நம்பி ஆள் இருந்தால் டெர்ம் பாலிசி, எப்படியும் மருத்துவக் காப்பீடு. இதற்கே ஓராண்டு, ஒன்றரை ஆண்டு போகும். போகட்டும்.

அதன் பிறகு மாதம் 3,000 மிஞ்சினால் 1,500 இண்டெக்ஸ் ஃபண்டு, 1,500 பி.பி.எஃப். சம்பளம் ஏறும் ஒவ்வொரு முறையும் இரண்டையும் கூட்டுங்கள். பத்து ஃபண்டு தேவையில்லை.

21. அப்பா ரிட்டயர் ஆனார், 40 லட்சம் வந்திருக்கு. எல்லாத்தையும் அதிக வட்டிக்குப் போடலாமா?

மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் போட்டால் 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு 61,500 வரும். செலவு ஓடும். ஆனால் இந்த 61,500 ஐந்தாண்டும் அதேதான். மருந்து விலை அதேயாக இருக்காது. அதனால் மீதி 10 லட்சத்தில் ஆறு லட்சத்தை நான்காம் பதிலில் சொன்னபடி பிரித்து எஃப்.டி.யில், இரண்டு வங்கிகளில் வையுங்கள். நான்கு லட்சம், ஏழு எட்டு ஆண்டு தொடாமல் இருக்க முடிந்தால், இண்டெக்ஸ் ஃபண்டில் ஒன்றிரண்டு ஆண்டில் பரப்பிப் போடலாம். விலை இறங்கினால் இரத்த அழுத்தம் ஏறுபவர் என்றால் இதை விட்டுவிடலாம்.

பணம் வந்த செய்தி பரவியதும் வங்கி மேலாளர் தேநீர் தருவார், பாலிசி நீட்டுவார். மூன்று மாதம் சாதாரண எஃப்.டி.யில் போட்டு வைத்துவிட்டு, "யோசிக்கிறேன்" என்று சொல்லப் பழகச் சொல்லுங்கள்.

22. நாமினி என் தம்பி. எனக்கு ஏதாவது ஆனா பணம் தம்பிக்குத்தானே?

தம்பி கைக்கு வரும்; அவருடையது ஆகாது. நாமினி வாங்கிக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே. உயில் இருந்தால் உயிலில் உள்ளவருக்கும், இல்லாவிட்டால் சட்டப்படியான வாரிசுகளுக்கும் அவர் ஒப்படைக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரையோ தம்பி பெயரையோ போட்டுவிட்டு, மனைவி பெயருக்கு மாற்ற மறந்தவர்கள்தான் இதில் அதிகம். ஆயுள் காப்பீட்டில் மட்டும் பெற்றோர், மனைவி, கணவன், பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை, யாருக்கு எத்தனை சதவீதம் என்று பிரித்துப் போடலாம்.

பத்து ஆண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்பு ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். பிறகும் கேட்டு வாங்கலாம்: ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் இறந்தவரின் பெயரோடு பான் அல்லது பிறந்த தேதியைப் போட்டுத் தேடி, எந்த வங்கி என்று தெரிந்ததும் இறப்புச் சான்றிதழோடு அந்த வங்கியின் கிளைக்குப் போக வேண்டும்.